காஜாம்மாவின் குக்கர் மூடி

என் பேத்தி பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராண்டாவில் போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி, "அப்படியே என் மூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா சிரித்தார். "தாத்தா, பொறந்த குழந்தைக்கு எல்லாம் இந்த மூக்குதான்." சொல்லிவிட்டுப் போகட்டும். என் மூக்கு எனக்குத் தெரியாதா?

இந்தச் சந்தோஷத்தில் சரிபாதிக்குச் சொந்தக்காரர் அப்போது ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என் மாப்பிள்ளையைப் பெற்ற அம்மா. உள்ளே அவருடைய வீட்டுக்காரர் இருந்தார். அவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இந்த அம்மா போகக் கூடாது. போனால் ஜாமீன் ரத்து.

தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற மெஷினில் இருப்பவர் அவர். சட்டையில் பட்டன் நுழையத் துளை போட்டு, ஓரம் பிரியாமல் நூல் ஓட்டுகிற வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் காஜாம்மா. எத்தனை புழுக்கமாக இருந்தாலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவார். கூட வேலை செய்கிறவர்கள், "நம்ம காஜாம்மா சினிமா ஸ்டார்டி" என்று கேலி செய்வார்களாம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாராம். அந்தக் கைக்குள்ளே எத்தனை தழும்பு இருந்தது என்று கோர்ட்டில்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். குரல் உயர்த்தியே பேச மாட்டார். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று "வாங்க சம்பந்தி" என்பார். கல்யாணம் பேசும்போது, "தங்கமான மனுஷன்" என்று நானே ஊரெல்லாம் சொன்னேன். தங்கம்தான். வீட்டுக் கதவைச் சாத்துகிற வரைக்கும்.

நடந்தது இதுதான். ஒரு நாள் சாப்பாடு ஆறிப்போயிருந்ததாம். அவர் கை கழுவிவிட்டு வந்து வாட்சைக் கழற்றினார். அடிக்கும்போது கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே! எப்போதும் அப்படித்தான். கழற்றி, துடைத்து, அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் திரும்புவார். அன்றைக்கு வைக்கத் திரும்பிய நேரத்தில் காஜாம்மா கையில் கிடைத்த குக்கர் மூடியால் தலையில் ஒன்று போட்டார். ஒன்றே ஒன்று. தையல் போட்டார்கள், மறுவாரம் டிப்போவுக்குப் போய்விட்டார். இந்த அம்மா மேல் கொலை முயற்சி கேஸ்.

குக்கர் மூடியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காகிதத்தில் அதற்குப் பேர் ஆயுதம். இப்போது தனியாக ஒரு அறை எடுத்து, மூடி இல்லாத குக்கரை வைத்துக்கொண்டு வெறும் பாத்திரத்தில் சமைக்கிறார் ஆயுதக்காரி.

கோர்ட்டில் எதிர் வக்கீல் கேட்டார். "கதவு திறந்துதானே இருந்தது? வெளியே போயிருக்கலாமே?"

"திறந்துதாங்க இருந்துச்சு. அதுக்கு முந்தின தடவை வெளியேதான் போனேன். தெருவுல வெச்சு அடிச்சாரு."

"போலீசில் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேங்க. ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, சமாதானமாப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த டீக்கும் சேர்த்து வீட்ல வாங்கினேன்."

"அன்றைக்கு உங்கள் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"வாட்ச்சைக் கழட்டினாருங்க."

"வாட்சைக் கழற்றினார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதற்காக அடித்தீர்கள்?" என்று வக்கீல் சிரித்தார். பின்வரிசையில் யாரோ கூடச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்ததும் எங்கள் பக்கத்து இலவச வக்கீல் பொண்ணைப் பிடித்துக்கொண்டேன். பாவம், நல்ல பொண்ணு.

"தாத்தா, தற்காப்புன்னா ஆபத்து அந்த நிமிஷமே வரணும். அவர் திரும்பி நின்னுட்டாரு. அதுவுமில்லாம அவர் கையில ஒண்ணும் இல்ல, வெறுங்கை. இவங்க கையில இரும்பு."

"ஏம்மா, அந்த ஆளு நேருக்கு நேரா வர்றப்ப இந்தம்மாவால ஒரு கரண்டியைத் தூக்க முடியுமா? முதுகைக் காட்டுறப்ப அடிச்சா தப்பு, முகத்தைக் காட்டுறப்ப அடிக்க முடியாது. அப்ப எப்பதான் அடிக்கணும்? நீங்களே ஒரு நேரம் குறிச்சுக் குடுங்க!"

"எங்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம் தாத்தா? வாட்ச்சைக் கழட்டினா என்ன அர்த்தம்னு வீட்ல வளர்ந்த ஒருத்தர் வந்து சொல்லணும். உங்க மாப்பிள்ளை சொல்லலாமே?"

மாப்பிள்ளையா? அம்மா பக்கம் கேட்டால் தலையை ஆட்டுவார். அப்பா பக்கம் கேட்டாலும் ஆட்டுவார். "எனக்கு ரெண்டு பேரும் வேணும் மாமா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த மனுஷனும் வந்தார். தினமும் டியூட்டி முடிந்ததும் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குப் பாசம். எனக்குத் தெரியாதா? அவர் இங்கே இருக்கிறவரை காஜாம்மா இந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாது. அவர் இல்லாத நேரத்தில் வரலாம் என்றால் எப்போது வருவார், எப்போது போவார் என்று ஒரு கணக்கும் இல்லை. டைம் கீப்பராம்!

காஜாம்மா தெருமுனை மருந்துக்கடை ஓரத்தில் நின்று, தைத்த சட்டைகளை என்னிடம் கொடுத்து அனுப்புவார். என் பெருவிரல் அளவுக்குக் காலர். அதில் கடுகு மாதிரி பட்டன்.

"அண்ணா, போட்டுப் பாத்தீங்களா? கழுத்துல உறுத்துதா?"

"உங்க பேத்தி ஒண்ணும் சொல்லல சம்பந்தியம்மா. போட்டவுடனே நனைச்சுட்டா."

அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார். குழந்தையைத் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு வர ஒரு நாள் கிளம்பினேன். "நானும் கூட வர்றேன் சம்பந்தி" என்று அந்த ஆள் செருப்பை மாட்டினார். வேண்டுமென்றேதான். நான் திரும்பி உள்ளே போய்விட்டேன். அவர் வந்த முதல் நாளே வாசலில் தடுத்திருப்பேன். "குழந்தை வந்த வீடு, சண்டை வேண்டாம் மாமா" என்று மாப்பிள்ளை கையைப் பிடித்துக் கெஞ்சியதால் விட்டேன்.

ஒரு சாயங்காலம் குழந்தை அந்த மனுஷன் மடியில் கிடந்து வீரிட்டு அழுதது. என் மகள் கை நீட்டினாள். "பசிக்குது மாமா, குடுங்க."

"இப்பதானே குடிச்சா. அழட்டும், பழகும்."

"மாமா, என் குழந்தையைக் குடுங்கன்னு சொல்றேன்ல? நீங்க தினமும் இங்க எதுக்கு வர்றீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? அத்தை வரக் கூடாதுன்னுதானே?"

அவர் முகம்கூட மாறவில்லை. குழந்தையை மெதுவாக அவள் கையில் கொடுத்தார். பிறகு இடது கையைத் திருப்பி, வாட்ச் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது என் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வளர்ந்த ஆம்பளை, ஒரு கையால் தன் தலையை மறைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு கை மட்டும் என் மகளையும் குழந்தையையும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்பா, வேணாம்ப்பா. அதைக் கட்டுங்கப்பா. வாட்ச்சைக் கட்டுங்கப்பா."

கோர்ட்டில் சிரித்தவர்கள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் கை ஓங்கவில்லை, திட்டவில்லை. வெறுங்கையோடுதான் நின்றார். 

கதவை விரியத் திறந்தேன். "சம்பந்தி, இது என் வீடு. கிளம்புங்க."

"நான் என்ன பண்ணிட்டேன் இப்ப?" என்றார், அதே மெல்லிய குரலில்.

"அதைத்தான் உங்க மகன் கோர்ட்ல வந்து சொல்லுவாரு."

இரண்டு பேரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன். தலையிலிருந்து கையை எடுத்தார். "சொல்றேன் மாமா" என்றார்.

அந்த ஆள் போன திசையைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். மகன் சாட்சி சொல்லப்போகிறான் என்றேன். காஜாம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணா, அவர் வாட்ச்சைக் கட்டிக்கிட்டுப் போனாரா, கையில வெச்சுக்கிட்டுப் போனாரா?"

யோசித்துப் பார்த்தேன். "கையிலதான் இருந்துச்சு."

என்னோடு வீட்டுக்குள் வந்ததும் குழந்தையிடம் ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. முதலில் வாசல் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டார். பின்கட்டுக்குப் போய் அந்தக் கதவையும் இழுத்துப் பார்த்தார். ஜன்னலையும் பார்த்தார். அதற்கப்புறம்தான் கை கழுவிக்கொண்டு வந்து பேத்தியை வாங்கினார்.

"என் மூக்கு, பாத்தீங்களா?" என்றேன்.

"உங்க மூக்குதான் அண்ணா" என்றார், கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல்.