மாதம் நானூறு புள்ளி

அந்த விதியை எழுதியது நான்தான். எல்லாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் நானே டைப் செய்தேன். முடித்ததும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

எங்கள் விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்ல வேண்டும். ஒரு மேஜை, ஆறு பேர், கொஞ்சம் பகடைகள். இன்னொருவர் கதை நடத்துவார். நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்போம்: ஒருவர் திருடன், ஒருவர் மந்திரக்காரர், நான் வைத்தியச்சி. “கதவைத் தள்ளுகிறேன்” என்று சொன்னால், திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கதை நடத்துபவர் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஐம்பது அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேரப் பாத்திரம் லெவல் ஏறும், பலம் கூடும். நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இது ஒரு விளையாட்டா என்று என் அம்மா கேட்பாள். கேட்கட்டும்.

வீட்டில் நாலு சிநேகிதர்கள் விளையாடினால் புள்ளியில் தகராறே வராது. நாங்கள் நடத்தியது பெரிய ஏற்பாடு. பம்பாய் மாட்டுங்காவில் ஒரு சங்கத்து மாடி ஹாலில் சனி, ஞாயிறு. செம்பூரில் ஒரு காப்பிக் கடையில் செவ்வாய், வியாழன் சாயங்காலம். நாலு மேஜைக்கும் ஒரே கதை. எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் பாத்திரமும் புள்ளியும் கூடவே வரும். ஜூனில் தொடங்கி, டிசம்பர் கடைசி ஞாயிறன்று ஒரு கோட்டைக்குள் நுழைவதோடு கதை முடியும். ஏழாம் லெவல், அதாவது இரண்டாயிரத்து நானூறு புள்ளி எட்டியவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கடைசி ஆட்டத்தில் இடம்.

இனி எங்களோடு ஆடிய ஒருத்தியைப் பற்றி. அவள் எங்களிடம் வந்தது ஜெராக்ஸ் கடை வழியாக. நான் ஆட்டத் தாள்களைப் பிரதி எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். இருபத்தெட்டு வயது, வீடு தாராவியில், தாய் தகப்பனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதென்னக்கா, பரீச்சையா?” என்று கேட்டாள். சொன்னேன். அந்தச் சனிக்கிழமையே கடை முடிந்து மாடியேறி வந்து நின்றாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இந்தியில் சண்டை போட்டால் எதிராளி வாயடைத்துப் போவான். கேடயம் ஏந்திய வீராங்கனை ஒருத்தியைத் தன் பாத்திரமாக எடுத்துக்கொண்டாள். மேஜையில் யாருக்கு அடி விழப்போனாலும், “நான் நிக்கேன், நீங்க ஓடுங்க” என்று குறுக்கே போய் நிற்பாள்.

ஜூன் கடைசியில் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கால் வீங்கியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் திங்கள், புதன், வெள்ளி காலையில் சயானில் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் வராதவளை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா என்று முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். “கடையில பெர்மனெண்ட் லீவு குடுத்துட்டாவக்கா” என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் குழாய் பொருத்தியிருந்ததை மறைக்கத் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். ஜூலையிலிருந்து நாலு மேஜைக்கும் வர ஆரம்பித்தாள். செவ்வாய், வியாழன்களில் சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூருக்கு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

அந்த நாட்களில் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. கதையில் எங்கே ஆறு வந்தாலும், கிணறு வந்தாலும் நிறுத்துவாள். “நான் எறங்கித் தண்ணி குடிக்கேன்.” கதை நடத்துபவர், “சரி, குடிச்சாச்சு, மேல போலாம்” என்றால் விடமாட்டாள். “எப்பிடி இருக்கு சார்? சில்லுனு இருக்கா? வயிறு முட்டக் குடிச்சிட்டேனா?” செம்பூரிலிருந்து வரும் ஆடிட்டர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன். அவளுக்கு ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர், காப்பி ரசம் எல்லாம் சேர்த்தே ஒரு சின்ன பாட்டில்தான் என்பது எனக்கு ஆகஸ்டில் தெரிந்தது. தெரிந்த பிறகும் உச்சுக் கொட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவளிடம் இரண்டாயிரம் புள்ளி இருந்தது. எங்களில் யாரும் ஆயிரத்து இருநூறைத் தாண்டவில்லை. ஆடிட்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “இது என்ன நியாயம்? நான் ஆபீஸ் முடிஞ்சு ஓடி வந்து ஒரு மேஜையில உட்காரறதே பெரும்பாடு. அவ நாலு மேஜையிலயும் இருக்கா. எந்தச் சண்டை வந்தாலும் அவளே முடிச்சுடறா. நாங்க வேடிக்கை பார்க்கவா வரோம்?” அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒருவர் மட்டும் பலசாலியாகிவிட்டால் மற்றவர்களுக்கு ஆட்டம் சப்பென்று போய்விடும். இப்படிக் கூட்டாக விளையாடும் இடங்களில் எல்லாம் புள்ளிக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். நேரம் நிறைய உள்ளவன் முன்னால் ஓடிவிடக் கூடாது, நேரம் இல்லாதவன் பின்தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் அதன் தத்துவம்.

பம்பாயில் ஆபீஸ் போகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை நாங்கள் அங்கேதான் செய்தோம். நேரம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துவிட்டோம். எட்டரை மணி லோக்கலில் நசுங்குகிறவளுக்கு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கிற ஒருத்தியைப் பார்த்தால் பொறாமைதான் வரும். இந்த ஊரில் சாயங்காலம் சும்மா இருக்க வேண்டுமென்றால் ஒரு மனுஷிக்கு என்னவெல்லாம் போயிருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

விதியில் இரண்டே வரி. ஒன்று: எத்தனை ஆட்டம் ஆடினாலும் ஒருவருக்கு மாதம் நானூறு புள்ளிதான், அதாவது எட்டு ஆட்டம். வரம்பு தாண்டியவர்கள் இடம் மீந்தால் உட்காரலாம், புள்ளி கிடையாது. இரண்டு: வேலை காரணமாக வர முடியாதவர்களுக்கு, ஆபீஸிலிருந்து ஒரு மெயில் காட்டினால், அந்த மாதம் முந்நூறு புள்ளி சலுகை. பாரபட்சம் கூடாது என்று விதியை ஜூனிலிருந்தே கணக்கிட்டோம். அவளுடைய தாளில் எண்ணூறு புள்ளியை நானே அடித்தேன். அவள் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாருக்கும் இதே ரூல்தானக்கா?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்பம் சரி. அடிங்க.”

உண்மையில் அது எல்லாருக்கும் பொதுவான விதிதான். ஆனால் அதில் மாட்டியவள் அவள் ஒருத்திதான். செம்பூர் மேஜையில் எப்போதும் ஆறு பேர் இருந்தார்கள், ஏழாவதாக இடம் மீந்ததே இல்லை. செப்டம்பரிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வந்தாள். மற்ற நாட்களில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மேஜை அமைதியாகிவிட்டது, சண்டைகள் சமமாக நடந்தன. ஆடிட்டர் எனக்கு ஒரு பெரிய காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபரில் என் ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன். அந்த மாதம் இரண்டே ஆட்டத்துக்குத்தான் போக முடிந்தது. மெயிலைக் காட்டினேன், நூறோடு முந்நூறு சேர்ந்து நானூறாகிவிட்டது. அதே அக்டோபரில் அவளுக்குக் கழுத்துக் குழாயில் சீழ் வைத்து, குளிர் ஜுரம் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளும் இரண்டே ஆட்டம்தான் வந்தாள். அவளுக்கு நூறு.

நவம்பர் நடுவில் மாடியேறி வந்தபோது படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். மூச்சு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: “அக்கா, ஆஸ்பத்திரில இருந்தா சலுகை உண்டுமா? கோட்டைக்குள்ள போகணும்க்கா. ஆறு மாசமா அந்தக் கோட்டைக்குத்தானே நடக்கோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்பிடி?”

குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குழு என்றால் நான், ஆடிட்டர், சான்பாடாவிலிருந்து வந்து கதை நடத்தும் கல்லூரி ஆசிரியர், மூன்றே பேர். ஆசிரியர் உடனே, கொடுத்துவிடலாம் என்றார். ஆடிட்டர் விதியைப் படித்துக் காட்டினார். “வேலை காரணமா வர முடியாதவங்களுக்குன்னுதானே போட்டிருக்கு? அவளுக்கு வேலையே இல்லையே. மெயில் யார் கொடுப்பா? இன்னிக்கு ஆஸ்பத்திரின்னா நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஜுரம்னு வந்து நிப்பான்.” இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முடியாது என்று கைதூக்கினேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த முந்நூறு இல்லாவிட்டால் நானும் ஏழாம் லெவல் எட்டியிருக்க மாட்டேன். சலுகையைப் பற்றிப் பேச்சு கிளம்பினால், யார் யாருக்கு எதற்குக் கொடுத்தோம் என்று என் தாளையும் புரட்டுவார்கள் என்று பயந்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த ஓணான் நான்தான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கைதூக்கியபோது வெட்கமாக இல்லை, நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்றே இருந்தது.

அவளிடம் நானே போய்ச் சொன்னேன். “ரூல்ல இடமில்லைடி. உனக்குப் பண்ணினா எல்லாருக்கும் பண்ணணும்.” அவள் தலையாட்டினாள். அடித்துவிட்ட அந்த எண்ணூறைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்து, அதற்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. “அன்னைக்கு வந்து பின்னால நின்னு பாத்துக்கிடுதேன். அதுக்கு ரூல் இல்லைலா?” என்றாள். இல்லை என்றேன்.

அதற்கும் அவள் இருக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பத்தே நிமிடத்தில் ஆடிட்டர் எழுதினார்: அவளுக்கு நம்முடைய அஞ்சலியாக இரண்டாயிரத்து நானூறு புள்ளியும் முழுதாகக் கொடுப்போம், ஏழாம் லெவல் கொடுப்போம். எல்லாரும் சம்மதம் என்றார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மெயில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் சம்மதம் என்றுதான் எழுதினேன், கூடவே அழும் பொம்மை ஒன்றும் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. அவளுடைய அம்மா மட்டும் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும், “மாட்டுங்கா அக்காவா? வாங்கம்மா” என்று பாயைத் தட்டிப் போட்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல், அவளுக்கு ஏழாம் லெவல் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னேன். சொன்னபோதே வாய் கூசியது. அந்த அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை, கேட்டுக்கொள்ளவும் இல்லை. என் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல வர வேண்டாம்னு சொல்லிட்டியளாம்லா?”

நான் பாயின் ஓரத்தை மடித்து நீவினேன்.

“மொதல்ல நாலு நாளும் வருவா. வெளாட்டுக்குப் போற அன்னைக்குத்தாம்மா எந்திச்சித் தலை சீவுவா, பவுடர் போடுவா. அப்பறம் ரெண்டு நாளாச்சி. மத்த நாளெல்லாம் அந்தா, அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்தே கெடப்பா. ஏம்ட்டின்னு கேட்டா பதில் சொல்ல மாட்டா.” கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “எம்மவ அங்க என்னம்மா தப்புப் பண்ணுனா?”

“ஒரு தப்பும் பண்ணலைம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான்...” என்று தொடங்கினேன். அந்த அம்மா நான் முடிப்பேன் என்று காத்திருந்தாள். கீழே பட்டறையில் தோல் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரும்பு ஏணியில் இறங்கினேன்.

டிசம்பர் கடைசி ஞாயிறன்று நான் போயிருக்க மாட்டேன் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். போனேன். காலை பத்து மணிக்கெல்லாம் மாடியேறிவிட்டேன். ஐந்து மணி நேரம் ஆடினோம், கோட்டைக்குள் போனோம். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது.