எக்ஸலண்ட் எத்தனை மீட்டர்?

எங்கள் மண்டல விளையாட்டு விழாவின் வரலாற்றை வழவழப்பான தாளில் மலராகப் போட்டிருக்கிறார்கள். "முதல் நாளிலிருந்தே மாற்றுத்திறனாளிகளைச் சமமாக அரவணைத்த விழா" என்று அதில் ஒரு வரி வருகிறது. அரவணைத்தது உண்மைதான். நானும் அந்த அரவணைப்பில் மாட்டி மூச்சுத் திணறியவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜோகுபாளையத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். போலியோ வந்த இடது காலில், நடப்பதற்கு வார் வைத்த இரும்புக் காலிப்பர். வலது கை மட்டும் நல்ல முரட்டுக் கை. பூத்தின் ஷட்டரை ஒற்றைக் கையால் தூக்கிவிடுவேன். ஒருநாள் அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். "இந்தக் கையை வெச்சுக்கினு போன்ல நம்பர் அமுக்கினு இருக்கியே, குண்டு எறியலாம் இல்ல?" என்றார். அவரே ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் வருஷம் எங்களுக்கு ஒதுக்கிய நேரம், வீரர்கள் சாப்பிடப் போகும் நேரம். மைதானம் சும்மாதானே கிடக்கும். எட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ரொம்ப நல்ல மனிதர், சங்கடமே அதுதான். இரும்புக் குண்டுக்குப் பதிலாகக் கூடைப்பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"குண்டு வெயிட்டும்மா. கை சுளுக்கிக்கும்" என்றார்.

எறிந்தோம். பந்து உருண்டு உருண்டு சாப்பாட்டுப் பந்தல்வரை போனது. எட்டுப் பேருக்கும் முதல் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மைக் பிடித்தவர் எங்கள் மன உறுதியை நினைத்துக் கண் கலங்கினார். கலங்கி முடித்ததும், பிரதம விருந்தினரோடு வந்தவர்களுக்கு நாற்காலி பற்றவில்லை என்று எங்களை எழுப்பிவிட்டு எங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஊனமுற்றோருக்கு ஆதரவளிப்பது பற்றிய பேச்சை நின்றுகொண்டே கேட்டோம்.

அடுத்த வருஷம் சண்டை போட்டு இரும்புக் குண்டு வாங்கினோம். ஆனால் எறிந்ததை யாரும் அளக்கவில்லை. "எதுக்கும்மா அளக்கணும்? நீங்க எல்லாருமே வின்னர்தான்" என்றார் பொறுப்பாளர். மறுபடி எட்டு டிபன் பாக்ஸ். சான்றிதழில் 'தூரம்' என்ற இடத்தில், வெறுமையாக விட மனசில்லாமல், 'எக்ஸலண்ட்' என்று எழுதிக் கொடுத்தார். எட்டுப் பேருக்கும் அதே எக்ஸலண்ட்.

எனக்கோ தேசியப் போட்டிக்குப் போக வேண்டும் என்று வெறி பிடித்திருந்தது. மாநிலத்தின் பெயர் போட்ட டி-சர்ட்டில், ஒரு தடவையாவது டெல்லி ரயில் ஏற வேண்டும். மண்டலத்துக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள், அதுவும் எறிந்த தூரத்தை வைத்து. இருந்த சான்றிதழை மாநிலத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் ஒரு வரியோடு திரும்பி வந்தது: "எக்ஸலண்ட் எத்தனை மீட்டர்?"

அன்றைக்கு பூத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். எழுதியவர் மேல் கோபமில்லை. அவர் ஒருவர்தான் சரியான கேள்வி கேட்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் மாமா ஒரு மேஸ்திரியிடமிருந்து, சைட் அளக்கும் நீளமான டேப்பை வாங்கி வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, குண்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எறிம்மா" என்றார் பொறுப்பாளர்.

"அளந்தா எறியறேன் சார்."

"டேப்பெல்லாம் அந்தாண்ட ரியல் ஈவென்ட்ல இருக்கு. இர்லி பிடும்மா," என்று கன்னடத்தில் சமாதானம் சொன்னார். "இந்த வருஷம் போகட்டும்."

"அப்ப இது என்ன ஈவென்ட்டு சார்?"

அவர் முகம் சுண்டிப்போனது. வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், வாயில் வந்துவிட்டது. மாமா மேஸ்திரியின் டேப்பை அவர் கையில் வைத்தார். சார் டேப்பின் நுனியை இழுத்துப் பார்த்தார். பிறகு பேண்டை மடித்துவிட்டு மண்ணில் மண்டி போட்டார். எட்டுப் பேர் எறிந்ததையும் அவரே அளந்து அவரே எழுதினார்.

ஹெப்பகோடியிலிருந்து வந்த பெண் முதலிடம். இரண்டாம் இடம் எனக்கில்லை. மூன்றாமவள் ஐந்து மீட்டர் நாற்பத்தொன்று. நான் ஐந்து மீட்டர் முப்பத்தெட்டு. அளந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளுக்கு, மூன்று சென்டிமீட்டரில் டெல்லி போய்விட்டது. தேவைதான் எனக்கு!

வயிறு எரிந்தது. அழுகையும் வந்தது. காலிப்பர் வாரை இறுக்குகிற சாக்கில் குனிந்து அழுது முடித்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவுக்கு நடந்தேன். பின்னாலேயே பொறுப்பாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் ஒரு டிபன் பாக்ஸ்.

"வெச்சுக்கோம்மா, பரவால்ல. நீயும் நல்லாத்தான் எறிஞ்ச."

அந்த மனிதரை என்னதான் செய்வது? வாங்கி, மூடியிலிருந்த மண்ணைத் துப்பட்டாவில் துடைத்து, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன்.

"நாலாவதா வந்தவங்களுக்குப் பரிசு கிடையாது சார். சர்ட்டிபிகேட் மட்டும் குடுங்க. தூரம் போட்டுக் குடுங்க."

அங்கேயே ஆட்டோவின் சீட்டில் தாளை வைத்து, ஐந்து மீட்டர் முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னா, இந்த தடவை டப்பா இல்லியா?" என்று மாமா கண்ணாடியில் பார்த்தார்.

"இல்ல மாமா," என்றேன். "தோத்துட்டேன்."