அத்தையை ரிசர்வ் செய்தவர்கள்

ரிசர்வ் என்றால் போலீஸில் ஒரு வகை என்றுதான் சிறுமியாக இருந்தபோது நினைத்திருந்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். கச்சிராயபாளையம் கடைத்தெருவில் வேன் வந்து நின்றால், "ரிசர்வ் எறங்கிடுச்சி" என்று கடைகளைச் சாத்துவார்கள். பிறகு கவனித்தால் அந்தச் சொல் எங்கும் இருந்தது. மலையடிவாரத்தில் எங்கள் ஆடுகள் நுழையக் கூடாத காடு ரிசர்வ் காடு. சித்தப்பாவின் மொபெட்டில் பெட்ரோல் தீரும்போது திருப்பிவிடும் குமிழும் ரிசர்வ். அவரும் கூட்டாளிகளும் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டுக் கேட்டது ரிசர்வேஷன்.

அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் தங்கை, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் அவள் மட்டும்தான்.

"லத்தீன் பாஷையிலேருந்து வந்த சொல்லு. எடுத்து வெக்கிறதுன்னு அர்த்தம். யாருக்குன்றதுதான் எடத்துக்கு எடம் மாறும்."

வீட்டுக்கு வந்திருந்த அவளுடைய தாய்மாமன் சிரித்தார். "உன்னயும் எம்புள்ளைக்கு ரிசர்வ் பண்ணித்தான வெச்சிக்கீறோம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சில நாள் கழித்து விடியற்காலையில் என்னை எழுப்பினாள். கள்ளக்குறிச்சியில் அரசாங்க வேலைக்கான பரீட்சை. யாரிடமும் சொல்லாமல் மொபெட்டை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். வடக்கனந்தல் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"ரோடு கெடையாது. வூட்டுக்குப் போ."

"பரீட்சை இருக்குதுண்ணா."

"நாங்க இன்னாத்துக்கு ராவெல்லாம் இங்க கெடக்குறோம்? நம்ம சனத்துக்கு எடம் வாங்கத்தான? எடம் வரட்டும், அப்புறம் எழுதலாம்."

"வாங்கின எடத்துல போயி யாரு ஒக்கார்றது? நீ எட்டாவதோட நின்னுட்ட. நாந்தான் படிச்சிகினு கீறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முகம் கறுத்தது. இறங்கி வந்து மொபெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி உன்னுது, வெச்சிக்கோ" என்றாள் அத்தை. "காலு என்னுது."

என் கையைப் பற்றிக்கொண்டு கரும்புத் தோட்டத்து வரப்பில் இறங்கினாள். கரும்பின் சோகை இலை கையைக் கீறியது. மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி சாலையேறியபோது எதிரே ரிசர்வ் போலீஸ் வேன் நின்றது. ஒரு போலீஸ்காரர் தடியை நீட்டித் திரும்பிப் போகச் சொன்னார்.

"திரும்பினா எங்க அண்ணன் மரம் போட்டுக்கினு ஒக்காந்திருக்காரு. முன்னால நீங்க நிக்கிறீங்க. நான் எந்த வழியில சார் போறது?"

அவர் அவளையும், செருப்பில்லாத என் காலையும் பார்த்தார். தடியை இறக்கினார். நடந்தோம். பாதிக்கு மேல் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அத்தை பரீட்சைக் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி அடித்துவிட்டிருந்தது, ஆனாலும் எழுதவிட்டார்கள்.

பரீட்சை முடிந்ததும் அவளோடு படித்த தோழியின் வீட்டுக்குப் போனோம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். தோழியின் அம்மா எனக்குச் சேமியா கொடுத்தார். அத்தையிடம் எதுவும் கேட்கவில்லை, அன்றிரவு எங்களுக்கும் சேர்த்துப் பாய் விரித்தார். அந்தப் பரீட்சையில் அத்தை தேறவில்லை. அதற்கடுத்ததில் தேறி, பல வருடங்கள் வேலை பார்த்தாள். கல்யாணத்தைத் தானே பார்த்துச் செய்துகொண்டாள். தாய்மாமன் கடைசிவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

பரீட்சை நடந்த அன்று மாலையே அவர் உறவுக்காரர்களோடு பூவும் தட்டுமாக வந்து, நிச்சயம் செய்ய எங்கள் வீட்டில் காத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவைத் தேடி அழுகை வந்துகொண்டிருந்தது. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினேன்.

"அத்தே, மரத்த எடுத்துட்டாங்களாம். நம்மூரு பஸ்ஸு ஓடுது."

அத்தை முற்றத்தில் உட்கார்ந்து காலில் தைத்திருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஓடட்டும்" என்றாள்.