யேசுரட்ணம் தன் வோட்டை ஒப்படைத்த நாள்

லண்டன் லூயிஷாமில் எந்தத் தேர்தல் வந்தாலும், வாக்குச்சாவடிக் கதவு திறக்குமுன்பே வாசலில் ஒருவர் நிற்பார். அவர்தான் யேசுரட்ணம். பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கும் வேலை. லீவு கேட்டே பழக்கமில்லாத மனிதர், தேர்தல் நாளில் மட்டும் ஷிப்டை மாற்றித் தரச் சொல்வார்.

காரணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. இளவயதில் முதன்முதலாக வாக்களிக்க, இஸ்திரி போட்ட சேட்டோடு, வெயில் தாழ, அவசரமில்லாமல் ஆறுதலாகப் போனார். “தம்பி, உம்மட வோட்டை ஆரோ போட்டிட்டினம்” என்றார் மேசையில் இருந்தவர். போன மாதிரியே திரும்பி வந்தார். இங்கே கள்ள வோட்டுப் போட ஆளில்லை என்று மகள் பெனிற்றா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான் நினைத்தேன் என்பார்.

யாருக்குப் போட்டார் என்று மட்டும் வாய் திறக்கமாட்டார். மனைவி எமில்டா கோழிக்கறி வைத்தும் கேட்டார், கோபித்தும் கேட்டார். பலிக்கவில்லை.

போன பாராளுமன்றத் தேர்தலுக்கு முதல் நாள் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். மருத்துவர் இதயத்தைப் பற்றிச் சொல்ல, இவர் வோட்டைப் பற்றிக் கேட்டார். திடீரென்று நோயில் விழுந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் போட வழியுண்டு, ஆளைச் சொல்லுங்கள் என்றார் நேர்ஸ். யேசுரட்ணத்தின் முகம் கறுத்துப்போனது. கொடுக்காவிட்டால் வோட்டே இல்லை. கொடுத்தால், தன் பெயரில் மறுபடி இன்னொருவர். அதோடு, யாருக்கென்றும் சொல்லித் தொலைக்கவேண்டும்.

எமில்டா கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டார். இவர் பெனிற்றாவைக் கூப்பிடச் சொன்னார்.

“இவ்வளவு காலம் சமைச்சுப் போட்டவள் நான். என்னட்டைச் சொல்ல ஏலாதோ?”

“உம்மட்டைச் சொன்னால் ஞாயிறு பூசை முடியமுன்னம் பாதருக்கும் தெரிஞ்சிடும்.”

பெனிற்றா ரயில் சிக்னல் எஞ்சினியர். ரெய்னர்ஸ் லேனில் குடியிருக்கிறாள், தொகுதி வேறு. காலையில் அங்கே தன் வோட்டைப் போட்டுவிட்டு லண்டனைக் குறுக்கே கடந்து வந்தாள். அவர் அவள் காதுக்குள் ஒரு பெயரைச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் போட்டது நேர் எதிர்க்கட்சிக்கு.

“அப்பா, இவையளுக்கோ?”

“ஓம். பிழையெண்டால் என்ர பிழை. நீ போ.”

கவுன்சில் அனுமதி கிடைத்ததும் அவள் புறப்பட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இப்போது பென்சிலோடு தனியாக நிற்பாள். ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பிள்ளைக்கும் தலைக்குள் ஒரு யோசனை இருக்கும்தானே. அவள் கையைத் தான் இங்கிருந்து பிடிக்க முடியாது. பிடிக்கத்தான் வேண்டுமா? அந்தக் கேள்வி வந்த பிறகு மூச்சு லேசானது. எமில்டா ஊட்டிய சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பின்னேரம் பெனிற்றா வந்தாள்.

“போட்டாச்சோ?”

“போட்டன் அப்பா. நான் போட்டது...”

அவர் கையை உயர்த்தினார். “அது காணும். மிச்சம் வேண்டாம்.”

அவளைப் பக்கத்தில் இருத்தி, வெளியே மழையா என்று கேட்டார். வாக்குச்சாவடியில் சனம் நிறைய என்று அவள் சொன்னதும் திருப்தியாகச் சிரித்தார். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

அந்த மாதமே போய்விட்டார். அதற்கிடையில் ஒருநாளும் யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் சொன்ன பெயருக்கு நேரேதான் அவள் புள்ளடி போட்டிருந்தாள்.