பிள்ளையாருக்குப் போட்ட நாலு ஓட்டை

புதிதாகப் படகு வாங்குகிறவன் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். தண்ணீர் படகுக்கு வெளியே இருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்திருந்தது. என் படகிடம்தான் யாரும் சொல்லவில்லை.

பொந்தியான் கரையிலிருந்து அரை மணி நேரம் ஓட்டி வந்து, தூண்டிலைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் மச்சான், என் மனைவியின் தம்பி. கூரை சரிந்து விழுந்தாலும் கையில் இருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிற ரகம்.

"மாமா," என்றார் நிதானமாக, "உங்க செருப்பு மிதக்குது."

குனிந்து பார்த்தேன். என் இடது செருப்பு முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. வலது செருப்பு அதைத் தேடிக் கிளம்பியிருந்தது. கணுக்கால் வரை தண்ணீர்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். போட்டிருந்த மிதவைச் சட்டைக்கு மேல் இன்னொரு மிதவைச் சட்டையைப் போட்டேன். அது மச்சானுடையது. முருகனைக் கூப்பிட்டேன். பிறகு, கடல் விஷயத்துக்கு யார் பொறுப்பு என்று சந்தேகம் வந்து, தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். மனைவி கட்டிக் கொடுத்த இறால் சம்பல் சோற்றைக் கடலில் கொட்டிவிட்டு, அந்த டப்பாவால் தண்ணீரை இறைத்தேன். இறைத்ததில் பாதி மச்சான் மேல் விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படகைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"சோத்தை ஏன் மாமா கொட்டுனீங்க? தண்ணி மொள்ள வாளி உங்க பின்னாலதான இருக்கு."

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"படகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கடல் ரொம்பப் பக்கத்துல தெரியுது."

இத்தனைக்கும் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். கூலாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், வெளியே போகிற பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவன். ஆனால் பதினாறு அடி வெள்ளை ஃபைபர் படகு வெயிலில் மின்னிக்கொண்டு நின்றபோது, நான் சோதித்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தால் எப்படி இருப்பேன் என்று.

வீட்டுக்கு வந்த பிறகு குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படகின் சாமான் அறை மூடி ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் தூக்கியது. எண்ணெய் அளவு காட்டும் முள், தொட்டி காலியாக இருந்தாலும் நிறைந்திருக்கிறது என்று சத்தியம் செய்தது. நான் எல்லாவற்றையும் மன்னித்தேன். புது மருமகன் சோற்றில் உப்புக் குறைந்தாலும் சிரிப்பானே, அப்படி ஒரு சிரிப்பு என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் எப்படியோ கரைக்கு வந்துவிட்டோம். படகை டிரெய்லரில் ஏற்றி, செடெனாக்கில் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். தண்ணீர் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினேன். பின்பக்கத்தில் தண்ணீரை வடிக்கும் துளைக்குப் போட்ட அடைப்பான் இறுக்கமாகத்தான் இருந்தது. முன்பக்கம் போனேன். அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

படகு வந்த வாரம் பூசை போட்டிருந்தோம். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். படகுக்குச் சக்கரம் ஏது? பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஒப்பேற்றினார். ஆக, அருள் முழுவதும் டிரெய்லருக்குப் போய்விட்டது. அது இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

பூசை முடிந்ததும் பிள்ளையாரை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. காராக இருந்தால் பசைக்காகிதம் ஒட்டி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்திருப்பேன். கடலில் அலை அடிக்குமே, விழுந்துவிட்டால் அபசகுனம் ஆயிற்றே என்று, நானே துளைக்கருவியை எடுத்து, படகின் முன்தளத்தில் நாலு ஓட்டை போட்டு, இரண்டு அங்குல ஸ்க்ரூ நாலை முடுக்கினேன். இறங்கி நின்று கைகூப்பிக் கும்பிடவும் செய்தேன்.

இரண்டு அங்குல ஸ்க்ரூ அடித்தட்டு வரை போயிருக்கும்; படகின் அடியில் ஓட்டை போட்டுவிட்டுக் கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று இப்போது தோன்றியது. உத்தரவாத அட்டையை எடுத்து வாசித்தேன். வாங்கியவர் சொந்தமாகத் துளையிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று மலாயில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மனைவி வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க. செஞ்சவங்க சும்மா சரிபண்ணிக் குடுத்தா படகு. இல்லைன்னா மண்ணைக் கொட்டிக் கீரை போட்டுடுவேன். இனி இதுக்குன்னு ஒரு காசு இந்த வீட்டை விட்டு வெளிய போகாது."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அளவு நாடாவோடு படகுக்குள் நின்றாள். "முன்னால பொன்னாங்கண்ணி, பின்னால வெண்டை," என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சான், வெண்டைக்கு ஆழம் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பிள்ளையாரைக் கழற்றினேன். "கடல் காத்து அவருக்கு ஆகாது" என்று சொல்லி அலமாரியில் வைத்தேன். நாலு ஓட்டைகளையும் அடைக்க வெள்ளையாக ஏதாவது வேண்டும். வீட்டில் வெள்ளையாக இருந்தது பல்பசை. பிதுக்கி, விரலால் வழித்து, காயவிட்டேன். கண்ணுக்கே தெரியவில்லை. இருபது வருடம் மற்றவர்களின் ஏமாற்று வேலைகளைப் பிடித்த அனுபவம், எனக்கே உதவுகிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை படகை இழுத்துக்கொண்டு பொந்தியான் பட்டறைக்குப் போனேன். "சாட்சிக்கு நானும் வர்றேன்" என்று மனைவியும் ஏறிக்கொண்டாள். யாருக்குச் சாட்சி என்று சொல்லவில்லை. வழியில் பசாரில் நிறுத்தச் சொல்லி வீட்டுச் சாமான் வாங்கினாள்.

படகு செய்த பட்டறை முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள்; யோங் பெங் பக்கம் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தை ஒட்டி வளர்ந்த சீனர். அறுபது வயது இருக்கும். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குழாயை இழுத்துப் படகுக்குள் போட்டுவிட்டார்.

"தண்ணி உள்ள வந்த வழியிலதான் வெளிய போவும் தம்பி. உள்ள ரொப்புவோம், எங்க சொட்டுதுன்னு பாப்போம். சாயம் கலந்தா நல்லாத் தெரியும். ஆனா சாயம் தீந்து போச்சே."

"மஞ்சத்தூள் போதுமா?" என்று மனைவி பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள்.

"போதும்லா. மீன் கறியா வைக்கப் போறோம்?"

மஞ்சள் தண்ணீர் படகுக்குள் மெல்ல ஏறியது. நான் முன்பக்கத்துக்குக் கீழே நின்று, ஓட்டைகளுக்கு நேர் அடியில் இருந்த இடத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சொட்டு மஞ்சள் தெரிந்தால் கீரைத் தோட்டம்தான். பொன்னாங்கண்ணிக்குத் தண்ணீர் ஊற்றுகிற என் உருவம்கூடக் கண்ணுக்குள் வந்துவிட்டது. தவுக்கே படகில் ஏறி முன்தளத்தில் முட்டி போட்டார். மூக்கை உறிஞ்சினார். இன்னும் குனிந்து உறிஞ்சினார்.

"தம்பி, என்னா இங்க பல்லு வெளக்குன வாசம் வருது?"

என் காது சூடாகிவிட்டது. பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது முழுவதும் உண்மை. பூசை, எலுமிச்சம்பழம், துளைக்கருவி, இரண்டு அங்குலம், அலமாரி, பல்பசை எல்லாம் வரிசை மாறாமல் கொட்டியது. அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: துளைக்கருவி பக்கத்து வீட்டுக்காரருடையது, இன்னும் திருப்பித் தரவில்லை என்று.

தவுக்கே என்னைப் பார்த்தார். உத்தரவாத அட்டை என் சட்டைப் பையில் கனத்தது.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார். "அட்டையைப் படிக்கலையா நீ?"

"படிச்சேன் தவுக்கே. ஓட்டை போட்டப்புறம்."

அப்போது பின்பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "தவுக்கே, இங்க வந்து பாருங்க. மஞ்சளா சொட்டுது."

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெண்டைச் செடி வரை திட்டம் போட்டிருந்தவள், குனிந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அடைப்பானைச் சுற்றியிருக்கும் வளையத்தின் ஓரமாக, விடாமல், பொடிநடையாக, மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தவுக்கே வளையத்தைக் கழற்றினார். அடியில் இருக்க வேண்டிய பசை இல்லை. வெறும் ஃபைபர்தான் தெரிந்தது. உச்சுக்கொட்டினார்.

"பசை தடவாம மாட்டிட்டாங்க. நானும் பாக்கல."

பிறகு முன்பக்கம் வந்து, என் சட்டைப் பையில் கிடந்த ஸ்க்ரூ ஒன்றை வாங்கி, விரலில் அளந்து பார்த்தார். "இங்க ரெண்டு தட்டு இருக்கு. நடுவுல நுரை அடைச்சிருக்கேன். உன் ஸ்க்ரூ நுரையில போய்த் தூங்கிருக்கு. அடித்தட்டைத் தொடவே இல்ல."

"அப்ப உத்தரவாதம்?" என்றேன். குரல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்தது.

அவர் பட்டறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சிவப்புக் கூண்டுக்குள் அவருடைய சாமிக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"சாமிக்குப் போட்ட ஓட்டையை எந்தக் கணக்குல எழுதுறது? பின்னாடி ஓட்டை என்னுது, முன்னாடி ஓட்டை உன்னுது. ரெண்டையும் சும்மா அடைச்சுத் தர்றேன். ஆனா அந்தப் பல்பசையை நீயேதான் சுரண்டணும்."

மனைவி, நான் சுரண்டி முடிக்கிற வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும்.

இரண்டு வாரத்தில் படகு தயாரானது. மூடி மூடியது. முள் உண்மை பேசியது. அலமாரியிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளையாரைத் தவுக்கேயே ஃபைபர் பசை ஊற்றி, ஓட்டை இல்லாமல் உட்கார வைத்திருந்தார். தண்ணீரில் இறக்கிய அன்று நான் ஏறத் தயங்கினேன். தவுக்கே செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். ஒரு மிதவைச் சட்டையைக் கொடுத்தேன். மறுக்காமல் போட்டுக்கொண்டார். நானும் ஒன்றுதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முக்கால் மணி நேரம் ஓட்டினேன். கண் மட்டும் காலடியிலேயே இருந்தது. ஈரம் மாதிரி ஏதாவது மின்னினால் குனிந்து தொட்டு, நக்கிப் பார்த்தேன். ஒரு தடவை உப்புக் கரித்தது. என் வியர்வை.

"தம்பி," என்றார் தவுக்கே, "நீ கடலைப் பாத்து ஓட்டு. தரையை நான் பாத்துக்குறேன்."

தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று அதை நினைத்துப் பயப்பட ஆரம்பித்தேன்.