வெள்ளிக்கிழமைக் குளியல்

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. நம்பாதவர்கள் பாகான் டாலாமுக்குப் போய் நல்லம்மாளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனை. நல்லம்மாளுக்கு பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள். இந்தச் சமயத்தில் இதயம் திடீரென்று தாளம் தப்பலாம். அதனால் நெஞ்சில் வயர்களை ஒட்டி, கழுத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். துடிப்பு அப்படியே தாதி குமுதாவின் திரையில் ஓடும்.

மத்தியானம், பார்வையாளர் நேரம். மற்ற கட்டில்களில் ஒரே கலகலப்பு. இவளிடம் ஒரு ஈ காக்கை இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. ஒரே பிள்ளை யுகேந்திரன் ஜொகூரிலிருந்து விடியுமுன்னே காரில் கிளம்பியிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் போதும் அந்தப் பாவி மனுஷிக்கு.

வெள்ளிக்கிழமை வேறு. குளிக்காமல் விபூதி பூசுவதாவது! கிழவி என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் மூச்சு விடாமல் வயரையெல்லாம் பிய்த்தாள். பெட்டியோடு காலி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

தண்ணீரைத் திறந்தாள். சளசள...

நெஞ்சு படபடத்தது. நின்றது. மறுபடி தடதட... அப்படியே தரையில் சரிந்தாள். கூப்பிடக் குரல் எழவில்லை. செத்தோம் என்றே நினைத்தாள்.

படார்!

கதவைத் திறந்து குமுதா ஓடிவந்தாள்.

"அம்மா! ஸ்கிரீன்ல உங்க ஹார்ட் கன்னாபின்னான்னு ஓடுது!"

கட்டிலில் கிடத்தி மருந்து ஏற்றினார்கள். வயரைத் தேடினால், நாற்காலியில் கிடக்கிறது. குமுதா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கழட்டிட்டா ஸ்கிரீன்ல கோடே வராதே... அப்போ நான் பார்த்தது?"

பக்கத்துக் கட்டில் ஹமீதா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க மகன் எங்க? இங்கதானே உக்காந்திருந்தாரு. அந்த வயரை நெஞ்சோட பிடிச்சிக்கிட்டு... ஒரு வார்த்தை பேசல லா."

"எப்படி இருந்தான்?"

"உயரமா. புருவத்துல தழும்பு."

"என் பிள்ளைதான்!" நல்லம்மாளுக்கு முகமெல்லாம் பல். சாப்பாடு வாங்கப் போயிருப்பான் என்று காத்திருந்தாள்.

பார்வையாளர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவன் வரவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. மகனின் கூட்டாளி தனேஷ்.

"ஆன்ட்டி... யுகேன் வர்ற வழியில, தாப்பா பக்கம்... கார் லாரியில மோதி..."

"போடா! மத்தியானம்தான் வந்துட்டுப் போனான்."



"இல்ல ஆன்ட்டி... காலையில பத்து மணிக்கே... அந்த இடத்துலேயே..."