உறங்கும்போது கிளம்பியவள்

மும்பை மாட்டுங்காவில் தினமும் காலை எட்டு மணிக்கு, அம்மா ஆபீசுக்குக் கிளம்பும்போது, ஒரு குழந்தை அழும். அதை இடுப்பில் வாங்கிக்கொண்டு பால்கனியில் காக்கா காட்டுகிறவள் விஜயலட்சுமி. சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவள். வயது இருபத்தெட்டு. கண்ணுக்குக் கீழே மட்டும் நாற்பது.

அந்த வீட்டு மேடத்தின் மேல் அவளுக்கு உள்ளூரக் கோபம். தூங்குகிற குழந்தையைக்கூட எழுப்பி, முத்தம் கொடுத்து, "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லி, அழவைத்துவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவாள். இவளெல்லாம் ஒரு தாயா!

விஜயலட்சுமிக்கும் ஒரு பெண் குழந்தை உண்டு. ஹரிதா, பதினோரு மாதம். தாராவியில் ஒற்றை அறை வீடு. நான்கு மாதமாக வேலைக்குப் போகிறாள். ஒரு நாளும் தன் குழந்தையை அழவைத்ததில்லை. புறப்படும் நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டால் போன காரியம் விளங்காது என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. அதனால் ஆறரை மணிக்கு, தூங்கும் ஹரிதாவின் கைக்குள் தன் பழைய நைட்டியைச் சுருட்டி வைப்பாள். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று குழந்தை நினைத்துக்கொள்ளட்டும்! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பிறகு புருஷன் மாரிக்கண்ணன், நைட்டியோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்கி எதிர்வீட்டு ராபியாவிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போவான். ராபியா மேலப்பாளையத்துக்காரி. ஸ்கூல் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் விஜயலட்சுமி வந்து கையை நீட்டினாள். ஹரிதா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ராபியாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னக்கா, எம் பிள்ளைக்கு மருந்து வச்சிட்டீங்களா?"

"ஆமாட்டி, பருப்புச் சோத்துல கலந்து குடுத்தேன். எங்கழுத்து ஒடியுது, தூக்கு உம் பிள்ளய."

சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. "மாட்டுங்கா பிள்ள, நான் பாத்ரூம் போனாக்கூட கதவத் தட்டி அழுவுது. நான் பெத்தது என்னயப் பாக்க மாட்டேங்குது. நான் யாருக்கா இதுக்கு?"

ராபியா மெஷினை நிறுத்தினாள்.

"சொன்னா கோவப்படாத. நீ போறத அது ஒரு நாளாச்சும் பாத்திருக்கா? முழிச்சதும் அந்த நைட்டிய உதறிப் பாக்கும். பொறவு வாசலப் பாக்கும். முன்னெல்லாம் ரொம்ப நேரம் பாக்கும். இப்ப ஒரு மாசமா பாக்கதே இல்ல."

பார்ப்பதே இல்லை! விஜயலட்சுமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டுங்கா குழந்தையின் அழுகை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். சாயங்காலம் காலிங்பெல் அடித்ததும் அது கதவை நோக்கித் தவழும். போனவள் சொல்லிவிட்டுப் போனாள், வருவாள் என்று அதற்குத் தெரியும். ஹரிதாவுக்கு என்ன தெரியும்? அம்மா என்பவள் கண்ணை மூடினால் காணாமல் போகிறவள்.

மறுநாள் ஆறு மணிக்கே குழந்தையை எழுப்பினாள்.

"தூங்குத பிள்ளய எழுப்புதியே, கிறுக்கா ஒனக்கு? அழுது தொலைச்சா?" என்றான் மாரிக்கண்ணன்.

"அழட்டும்."

வாசலில் நின்று, "அம்மா போயிட்டு வாரேன் ஹரிதா, வெளக்கு போடுத நேரம் வந்திருவேன்" என்றாள். குழந்தை கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தது. மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் போகும் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்டார். அவள் காதில் விழவில்லை.

மறுநாளும் அப்படித்தான். பத்தாம் நாளும் அப்படித்தான். அரைமணி நேரத் தூக்கம் குறைந்ததில் கண் எரிந்தது. மாட்டுங்காவில் குழந்தையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே தூங்கி, மேடத்திடம் திட்டு வாங்கினாள். சாயங்காலம் அவள் தலை தெரிந்ததும் ராபியா, தாயிடம் போகட்டும் என்று பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு மெஷினுக்குக் குனிந்துகொள்வாள். பிள்ளையை இறக்கிவிட்டதும் ராபியாவின் மடியும் வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மழை. "போயிட்டு வாரேன்" என்று அலுப்போடு சொல்லிக் குடையை விரித்தாள். காலை எடுக்க முடியவில்லை. தவழ்ந்து வந்த ஹரிதா அவள் சேலையைப் பிடித்திருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதது.

"போச்சு, இன்னைக்கு வேல விளங்குன மாதிரிதான்!" என்றான் மாரிக்கண்ணன்.

விஜயலட்சுமி குடையைப் போட்டுவிட்டுக் குழந்தையை வாரி அணைத்தாள். நகர மனம் வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து ராபியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தாள்.

"நிக்காதட்டி! சொல்லியாச்சுல்லா, கெளம்பு. போனாத்தான திரும்பி வருவ!"

பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையை ராபியாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அழுகை சந்து முழுக்க அவளைத் துரத்தி வந்தது. பஸ் போய்விட்டிருந்தது. நனைந்து, கால் கடுக்க நின்றவளுக்கு மேடத்திடமிருந்து போன்.

"ஏன் இவ்வளவு லேட்?"

"பிள்ள அழுதுச்சு மேடம்." அவள் குரல் உடைந்தது. "என்னய விட மாட்டேன்னு அழுதுச்சு."